ஒவ்வாமை: ஒரு சொல்லும் ஓர் ஊசியும்

1923ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மருத்துவர்கள் இருவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. ராபர்ட் குக், ஆர்தர் கோகா என்ற அவ்விருவரும் ஒவ்வாமை நோய்களை வகைப்படுத்தி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள். சில குடும்பங்களில் வழிவழியாக வரும் ஆஸ்துமாவையும் மகரந்தத்தால் வரும் தும்மலையும் மற்றவற்றிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டும். கையிலிருந்த சொற்கள் போதவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் கற்பித்த பேராசிரியர் எட்வர்ட் பெர்ரியை நாடினார்கள். அவர் எடுத்துக்கொடுத்த சொல் 'அடோப்பியா'. 'டோப்போஸ்' என்றால் இடம். அதற்கு எதிர்மறை முன்னொட்டு சேர்த்தால் இடமற்றது, எதிலும் பொருந்தாதது, விநோதமானது. பிளேட்டோவின் உரையாடல்களில் சாக்ரட்டீஸைக் குறிக்கவும் இந்தச் சொல் வருகிறது. ஏதென்ஸ் நகரத்தின் எந்த வகைப்பாட்டிலும் அடங்காத மனிதர் அவர்.

மொழி ஆசிரியன் என்பதால் இந்தச் செய்தி எனக்குத் தந்த மகிழ்ச்சியை மறைப்பதற்கில்லை. மருத்துவர்கள் தங்கள் அறியாமைக்கு ஒரு பெயர் வேண்டுமென்று மொழிப் பேராசிரியரைத் தேடிப் போயிருக்கிறார்கள். அவரும் அந்த அறியாமையை மறைக்காத ஒரு சொல்லையே கொடுத்திருக்கிறார். பத்தாண்டு கழித்து, 1933இல், ஃப்ரெட் வைஸ், மரியன் சல்ஸ்பர்கர் என்ற தோல் மருத்துவர்கள் குழந்தைகளை வாட்டும் ஒரு தோல் நோய்க்கும் அந்த அடைமொழியைச் சூட்டினார்கள். அதுவே அடோபிக் டெர்மடைட்டிஸ்.

நம்மிடம் அதற்குப் பழைய பெயர் உண்டு: கரப்பான். முழங்கையின் உள்மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் கன்னத்திலும் சிவந்து, நீர் கசிந்து, காய்ந்து, தடித்து, மீண்டும் சிவக்கும் நோய். எந்தெந்தப் பண்டம் கரப்பான் என்று என் அம்மாவிடம் ஒரு பட்டியல் இருந்தது. கத்தரிக்காயும் கருவாடும் அதில் தவறாமல் இருக்கும். மற்றவை பருவத்துக்குப் பருவம் கூடும், குறையும். 'அலர்ஜி'க்கு நாம் பின்னாளில் ஆக்கிக்கொண்ட 'ஒவ்வாமை' நல்ல சொல்தான். ஆனால் மூலத்தில் பாதிதான் அதில் வந்து சேர்ந்தது. 1906இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே அலர்ஜி என்ற சொல்லை உருவாக்கியபோது அவர் கருதிய பொருள் 'மாறிய எதிர்வினை'. அயற்பொருள் ஒன்றை முதல்முறை சந்தித்த உடல் மறுமுறை அதை வேறுவிதமாக எதிர்கொள்கிறது. அந்த மாற்றம் காப்பாகவும் அமையலாம், கேடாகவும் முடியலாம். இரண்டும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்பதே அவருடைய கண்டுபிடிப்பு. 'ஒவ்வாமை' கேட்டை மட்டும் சொல்கிறது. எதிர்வினை ஒருமுறை மாறக்கூடியது என்றால் அதை இன்னொரு முறையும் மாற்றலாமே என்ற எண்ணம் அந்த விடுபட்ட பாதியில்தான் இருக்கிறது. இக்கட்டுரை பேசப்போகும் ஊசியின் அடிப்படையும் அதுவே.

நான் இதைப் படிக்க நேர்ந்தது என் மகனால். அவனுக்கு ஆறு வயதாகும்வரை எங்கள் வீட்டில் முழு இரவு உறக்கம் என்று ஒன்று இருந்ததில்லை. உறக்கத்திலேயே சொறிவான், காலையில் தலையணை உறையில் இரத்தப் பொட்டுகள் இருக்கும். கைகளில் பருத்தி உறை மாட்டி, அதன் வாயை நூலால் கட்டிவிட்டுப் படுப்போம். பார்க்கும் ஒவ்வொருவரும் ஒரு மருந்து சொன்னார்கள். அப்படியான ஒரு நாளில் ஒரு மருத்துவர், வீட்டுத் தூசிக்கு எதிராக வாரம் ஓர் ஊசி, மூன்றாண்டு போடலாம் என்றார். "நிச்சயம் குணமாகுமா?" என்று என் மனைவி கேட்டாள். "சில குழந்தைகளுக்கு ஆகிறது" என்றார். அந்தச் 'சில' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனதில் கிடைத்தவைதாம் இனி வருவன.

*

கதை தோலில் தொடங்கவில்லை, மூக்கில் தொடங்கியது. 1819இல் ஜான் போஸ்டாக் என்ற ஆங்கில மருத்துவர், ஒவ்வொரு கோடையிலும் தன் கண்ணையும் மார்பையும் தாக்கும் நோயை ஒரு நோயாளியின் வரலாறாக எழுதி லண்டன் மருத்துவச் சங்கமொன்றில் படித்தார். நோயாளி அவரேதான். காரணம் அவருக்குத் தெரியவில்லை. அதைக் கண்டவர் மான்செஸ்டரைச் சேர்ந்த ஹோமியோபதி மருத்துவர் சார்ல்ஸ் பிளாக்லி. அவரும் அதே நோயால் அவதிப்பட்டவர். புல்லின் மகரந்தத்தை எடுத்துத் தன் மூக்கிலும் கண்ணிலும் இட்டுப் பார்த்தார். தோலைக் கீறி அதில் தடவித் தடிப்பு எழுவதைக் கண்டார். பட்டம் விட்டு உயரக் காற்றிலும் மகரந்தம் மிதக்கிறதா என்று பார்த்தார். 1873இல் இவையெல்லாம் நூலாயின. இன்று ஒவ்வாமை மருத்துவமனையில் குழந்தையின் முன்கையில் வரிசையாகப் பொட்டு வைத்துக் குத்திப் பார்க்கிறார்களே, அதன் மூதாதை பிளாக்லி தன் கையில் இட்டுக்கொண்ட அந்தக் கீறல்.

லண்டன் பேடிங்டனில் உள்ள செயின்ட் மேரி மருத்துவமனையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆம்ரோத் ரைட் என்பவர் தடுப்பூசித் துறை ஒன்றை நடத்திவந்தார். டைஃபாய்டுத் தடுப்பூசியால் புகழ்பெற்றவர்; எல்லா நோய்க்கும் ஊசியே விடை என்று நம்பியவர். இலக்கிய வாசகர்கள் அவரை வேறு வழியில் அறிந்திருக்கக்கூடும். பெர்னார்ட் ஷா 1906இல் எழுதிய 'டாக்டர்ஸ் டிலெமா' நாடகத்தின் நாயகன் ரைட்டை மாதிரியாகக் கொண்டு படைக்கப்பட்ட பாத்திரம். ஷாவின் கிண்டலைத் தாண்டியும் அந்தத் துறை பெரியது. பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் ஃப்ளெமிங் அங்கே வளர்ந்தவர்தான். லெனர்ட் நூன், ஜான் ஃப்ரீமன் ஆகிய இரு இளம் மருத்துவர்களும் அங்கே பணியாற்றினர்.

1911 ஜூன் மாதம் 'லான்செட்' இதழில் நூன் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். திமோத்திப் புல்லின் மகரந்தத்தை நீரில் ஊறவைத்துச் சாறெடுத்தார். நோயாளியின் கண்ணில் மிகமிக நீர்த்த சொட்டு ஒன்றை விட்டார். கண் சிவக்கவில்லை என்றால் சற்று வலுவான சொட்டு. எந்த வலுவில் சிவக்கிறதோ அதுவே அந்நோயாளியின் அளவு. பிறகு அந்தச் சாற்றையே தோலுக்கடியில் மிகக் குறைந்த அளவில் செலுத்தி, நாட்கள் இடைவெளி விட்டு அளவைப் படிப்படியாக உயர்த்தினார். அதற்கென ஓர் அலகும் வகுத்தார். ஒரு மில்லிகிராம் மகரந்தத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து கிடைக்கும் சாறு ஓர் அலகு. அளவைக் கூட்டிப் போட்டாலோ, இடைவெளியைக் குறைத்துப் போட்டாலோ நோயாளியின் தாங்குதிறன் உயர்வதற்கு மாறாகக் குறைந்துபோகிறது என்பதையும் அவர் அப்போதே குறித்திருக்கிறார். நூற்றாண்டு கழித்தும் இந்தச் சிகிச்சையின் எலும்புக்கூடு ஏறத்தாழ அதே. நுண்ணிய அளவில் தொடங்கு, மெல்ல ஏற்று, விலகி நின்று கவனி.

இதில் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது ஒன்றுண்டு. நூனின் கோட்பாடு தவறு. மகரந்தத்தில் நஞ்சு இருக்கிறது, சிறிது சிறிதாகச் செலுத்தினால் உடல் அதற்கு முறிவை உண்டாக்கிக்கொள்ளும் என்று அவர் கருதினார். அன்று டிஃப்தீரியா போன்ற நோய்களுக்கு நஞ்சுமுறிவுச் சிகிச்சை பெருவெற்றி பெற்றிருந்த காலம். அந்த வெற்றியின் நிழலில் நின்று பார்த்தவருக்கு வேறெப்படியும் தோன்றியிருக்காது. மகரந்தத்தில் நஞ்சு ஏதும் இல்லை. இருந்தும் ஊசி வேலை செய்தது. அதே ஆண்டில் ஃப்ரீமன் தொடர்ச்சியான முடிவுகளை வெளியிட்டார். நூன் 1913இல் காசநோயால் இறந்துபோனார். தான் செய்தது ஏன் பலித்தது என்பதை அறியாமலே போன மனிதர். பலித்தது என்பதையும் முழுமையாக அறிந்திருக்கமாட்டார். ஏனெனில் ஒரு சாராருக்கு மருந்தும் மறுசாராருக்குப் போலி மருந்தும் கொடுத்து ஒப்பிடும் முறையை மருத்துவ உலகம் அப்போது கைக்கொள்ளவில்லை. அதே செயின்ட் மேரியில் வில்லியம் ஃப்ராங்க்லண்ட், ரோஸா அகஸ்டின் இருவரும் புல் மகரந்த ஊசியை அப்படி ஒப்பிட்டுச் சோதித்து வெளியிட்டது 1954இல். இடையில் 43 ஆண்டுகள். அந்த ஊசியை நம்பித்தான் போட்டுக்கொண்டார்கள், போட்டார்கள்.

*

மூக்கிலிருந்து தோலுக்கு எப்படி வந்தார்கள்? பாலம் பலவாறாக அமைந்தது. 1892இல் பாரிஸில் எர்னஸ்ட் பெனியே, நெடுநாள் அரிக்கும் இந்தத் தோல் நோய் ஆஸ்துமாவும் மகரந்தத் தும்மலும் உள்ள குடும்பங்களில் வருவதைச் சுட்டிக்காட்டியிருந்தார். அவரிடம் இன்னொரு நுட்பமான கவனிப்பும் உண்டு: முதலில் வருவது அரிப்பு, தோலின் மாற்றம் அதன் பின்னால் வருகிறது. 1908இல் ஆல்ஃபிரெட் ஸ்கோஃபீல்ட் என்ற மருத்துவர், முட்டை சிறிது பட்டாலும் உடல் தடித்து மூச்சு முட்டும் 13 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பச்சை முட்டையின் பத்தாயிரத்தில் ஒரு பங்கை மாத்திரையாக்கிக் கொடுத்து, மெல்ல மெல்ல ஏற்றி, சில மாதங்களில் அவனை முட்டை உண்ணச் செய்துவிட்டதாக எழுதினார். அந்தச் சிறுவனின் பெயர் நமக்குத் தெரியாது. நூனுக்கும் மூன்றாண்டு முன்னோடி அவன்.

1921இல் பிரெஸ்லௌ நகரில் (இன்று போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப்) நடந்த சோதனை எல்லாவற்றிலும் எளிமையானது. ஹைன்ஸ் க்யூஸ்ட்னருக்கு வேகவைத்த மீன் ஆகாது. அவருடைய இரத்தநீரில் சில துளிகளைக் கார்ல் ப்ராஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியபோது, மீன் உண்பதில் எந்தத் தொல்லையும் இல்லாத ப்ராஸ்னிட்ஸின் தோல் அந்த ஓரிடத்தில் மட்டும் தடித்து அரித்தது. ஒவ்வாமை இரத்தநீரில் பயணம் செய்யும் ஒரு பொருள் என்று தெரிந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டில் ப்ராஸ்னிட்ஸ் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்து சென்றார். பின்னர் வைட் தீவில் சாதாரணப் பொதுமருத்துவராக வாழ்ந்தார். அந்தப் பொருளைப் பிடிக்க மேலும் 45 ஆண்டுகள் ஆயின. 1966இல் அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிசாக்கா, தெருக்கோ இஷிசாக்கா தம்பதியும், 1967இல் ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்ஸன், பென்னிக் ஆகியோரும் தனித்தனி வழியில் வந்து ஒரே இடத்தில் சேர்ந்தார்கள். 1968இல் அதற்கு ஐஜிஇ என்று பெயர் வைத்தார்கள். என் மகனின் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்த மூன்றெழுத்து.

இதற்கிடையே 1964இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஃபோர்ஹோர்ஸ்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் வீட்டுத் தூசியில் உள்ள எந்தப் பொருள் ஒவ்வாமையைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி. எட்டுக் காலி, மெத்தையிலும் தலையணையிலும் வாழ்வது, நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதிள்களே அதன் உணவு. அதன் விலங்கியல் பெயர் டெர்மட்டோஃபகாய்டிஸ். இங்கும் கிரேக்கம்தான்; தோலைத் தின்பது என்று பொருள். கரப்பான் உள்ள குழந்தையின் படுக்கையில் செதிளுக்குப் பஞ்சமில்லை. குழந்தை தோலை உதிர்க்கிறது, உண்ணி அதைத் தின்கிறது, உண்ணியின் எச்சம் குழந்தையின் தோலைத் தீண்டுகிறது, குழந்தை சொறிந்து மேலும் உதிர்க்கிறது. சோதித்துப் பார்த்தால் கரப்பான் உள்ள குழந்தைகளில் கணிசமானோர் இந்த உண்ணிக்கு எதிரான ஐஜிஇ வைத்திருந்தார்கள். கதை அழகாகப் பொருந்தியது. மகரந்தத்துக்கு மகரந்தச் சாறு. தோல் நோய்க்கு உண்ணிச் சாறு. இதைவிடத் தெளிவான தர்க்கம் வேண்டுமா?

*

தர்க்கம் தெளிவாக இருந்தது. குழந்தைகள் அதற்கு உடன்படவில்லை. 1992இல் மேரி குளோவர், டேவிட் ஏதர்டன் என்ற லண்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வைப் பலமுறை படித்திருக்கிறேன். உண்ணிக்கு ஒவ்வாமை உள்ள, கரப்பானால் அவதிப்பட்ட குழந்தைகள் 26 பேர். சிலருக்கு உண்ணிச் சாறு, சிலருக்குப் போலி ஊசி; யாருக்கு எது என்று குழந்தைக்கும் தெரியாது, ஊசி போடுபவருக்கும் தெரியாது. எட்டு மாதம் முடிந்து பார்த்தால் இரு சாராரிடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. போலி ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளும் நன்றாகவே தேறியிருந்தார்கள். உண்மை ஊசியைத் தொடர்ந்து மேலும் ஆறு மாதம் போட்டவர்களிடம் ஏதோ ஒரு நன்மை தெரிந்தது. ஆனால் உறுதியாகச் சொல்ல எண்ணிக்கை போதவில்லை.

போலி ஊசி ஏன் பலித்தது? நம்பிக்கையின் பலன் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். எனக்கு அதில் திருப்தியில்லை. ஆய்வில் சேர்ந்த வீட்டில் அனைவரும் ஒழுங்காகிவிடுகிறார்கள். களிம்பு நேரத்துக்குப் பூசப்படுகிறது, மெத்தை வெயிலில் போடப்படுகிறது, குறிப்பேடு எழுதப்படுகிறது. மேலும் இந்த நோய்க்கு ஒரு சுபாவம் உண்டு. பெரும்பாலான குழந்தைகளுக்கு வயது ஏற ஏறத் தானாகவே தணியும். மூன்றாண்டு நீளும் எந்தச் சிகிச்சையும், அது எதுவாக இருந்தாலும், இந்த இயற்கைத் தணிவின் புகழைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். என் அம்மா கத்தரிக்காயை நிறுத்தியதன் பலன் என்றே கடைசிவரை நம்பினார்.

ஊசியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1986இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, 1957 முதல் அந்நாட்டில் இத்தகைய ஊசிகளால் 26 பேர் இறந்திருப்பதாக அறிவித்தது. உடலுக்கு ஆகாத பொருளையே உடலுக்குள் செலுத்துகிறோம். அரிதாக, சில நிமிடங்களில், மூச்சுக்குழல் சுருங்கி இரத்த அழுத்தம் சரிந்துவிடும். 1902இல் ரிஷே, போர்ட்டியே என்ற பிரெஞ்சு அறிஞர்கள் 'அனாஃபிலாக்சிஸ்' என்று பெயரிட்டது இதற்குத்தான். உயிர்மீட்பு வசதியுள்ள இடத்தில் மட்டுமே ஊசி போடவேண்டும், போட்டபின் இரண்டு மணி நேரம் நோயாளியை விடக்கூடாது என்று அக்குழு விதித்தது. நூனும் ஃப்ரீமனும் தொடங்கிவைத்த நாட்டிலேயே இந்தச் சிகிச்சை ஏறத்தாழ நின்றுபோயிற்று. ஐரோப்பாவின் பிற நாடுகள் அதை விடவில்லை. ஊசி போட்டதும் அரை மணி நேரம் வெளியே அந்த மர பெஞ்சில் உட்காரவைப்பார்களே, பேருந்து போய்விடுமே என்று எத்தனையோ நாள் முணுமுணுத்திருக்கிறேன். இந்த 26 என்ற எண்ணைப் படித்தபின் அந்த பெஞ்சின் நினைவு வேறாகிவிட்டது.

பெற்றோர் ஏன் இவ்வளவுக்கும் பிறகு ஊசியை நாடினார்கள் என்பதற்கு இன்னொரு பழைய அச்சம் காரணம். அடோபிக் டெர்மடைட்டிஸ் என்று பெயர் வைத்தாரே, அந்த சல்ஸ்பர்கரே 1952இல் விக்டர் விட்டன் என்பவருடன் சேர்ந்து ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு இந்நோயில் வேலை செய்வதைக் காட்டினார். ஒரே மனிதர் நோய்க்குப் பெயரும் வைத்து, அதை அடக்கும் முதல் நல்ல களிம்பையும் காட்டியது மருத்துவ வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதில்லை. அவருடைய பெயரை நம் ஊரில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? ஆனால் 'ஸ்டீராய்டு' என்ற சொல்லைக் கேட்டுப் பதறாத தாய் இல்லை. அளவறிந்து பூசும் களிம்பை விட்டு ஓடி, ஊசிக்கும் பத்தியத்துக்கும் இன்னும் பெயர் தெரியாத பொடிகளுக்கும் போகிறோம். நாங்களும் ஓடினோம். அந்தப் பொடிகளில் ஒன்றால் மகனின் கழுத்துத் தோல் வெந்துபோய் ஒரு வாரம் பள்ளிக்கு அனுப்பவில்லை. பாதி இரவுகளை அந்தக் களிம்பே மீட்டிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

*

2006இல் கதை தலைகீழானது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இர்வின் மக்லீன் குழுவினர், ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் குறை இருப்பவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று கண்டார்கள். ஐரோப்பியரில் ஏறத்தாழ 9 சதவீதத்தினர் அந்தக் குறையைச் சுமப்பவர்கள். ஃபிலாக்ரின் தோலின் மேலடுக்கை இறுக்கி நீர் வெளியேறாமல் காப்பது. வீட்டுச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு போல. அது உதிர்ந்தால் வெளியிலுள்ளவை உள்ளே புகும். அதுவரை, இரத்தத்தில் பிறந்த ஒவ்வாமை தோலில் வெளிப்படுகிறது என்று நினைத்திருந்தார்கள். தோல் வெறும் சன்னல், நோய் உள்ளே. இப்போதோ, தோல் முதலில் பழுதாகிறது, ஒவ்வாமை அந்தப் பழுது வழியே உள்ளே வந்து குடியேறுகிறது என்றாயிற்று. எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த ஒரே மரபணுதான் காரணம் என்றில்லை. ஆனால் கேள்வியின் திசை மாறிவிட்டது.

இதற்கு முன்பே 2003இல் கிடியன் லேக் என்பவர், வேர்க்கடலை எண்ணெய் கலந்த களிம்புகளை அழன்ற தோலில் பூசிய குழந்தைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை கூடுதலாக வருவதைக் கவனித்திருந்தார். அவருடைய குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளில் ஒரு பாதிக்கு வேர்க்கடலையை உண்ணக் கொடுத்தார்கள். மறுபாதிக்கு அறவே விலக்கினார்கள். தொடக்கத்தில் வேர்க்கடலைக்குத் தோல் சோதனையில் தடிப்பு காட்டாத குழந்தைகளில், ஐந்து வயதில் விலக்கியவர்களில் 13.7 சதவீதத்தினருக்கு ஒவ்வாமை, உண்டவர்களில் 1.9 சதவீதத்தினருக்கு. வாய் வழியே வருவதை உடல் விருந்தாளி என்கிறது. உடைந்த தோல் வழியே வருவதைத் திருடன் என்கிறது. பெயர் தெரியாத அந்த முட்டைச் சிறுவனை இங்கே நினைத்துக்கொண்டேன். கூடவே, அம்மாவின் பட்டியலையும்.

இந்தத் திருப்பத்துக்குப் பின் ஊசி என்ன ஆனது? சுவர் உதிர்ந்திருக்க, காவலாளியை மட்டும் பழக்கி என்ன பயன் என்று அதை மூட்டை கட்டியிருக்கலாம். அப்படி நடக்கவில்லை. 2006இல் ஜெர்மனியில் 89 பெரியவர்களுக்கு மூன்று வேறு அளவுகளில் உண்ணிச் சாறு செலுத்தினார்கள். ஓராண்டில் அளவு கூடக்கூடப் பயனும் கூடியது. 2007இல் இத்தாலியில் 5 முதல் 16 வயதுவரை உள்ள 56 பிள்ளைகளுக்கு ஊசியைத் தவிர்த்து நாவின் கீழ்ச் சொட்டாகக் கொடுத்தார்கள்; மிதமான நோய் உள்ளவர்கள் தேறினார்கள், கடுமையான நோய் உள்ளவர்கள் தேறவில்லை. 2012இல் 168 பெரியவர்களிடம் நடந்த ஆய்வில் மொத்தத்தில் பயனில்லை. ஆனால் கடுமையான நோய் உள்ள உட்பிரிவினர் தேறினார்கள். முந்தைய முடிவுக்கு நேர் எதிர். 2016இல் 12 ஆய்வுகளை, 733 பேரை ஒருசேர எடைபோட்ட காக்ரேன் மதிப்பீடு, சான்றுகள் வலுவற்றவை என்று உதட்டைப் பிதுக்கியது. 2023இல் 23 ஆய்வுகள், 1957 பேர் என்று தராசு பெரிதானபோது முள் சற்றே நகர்ந்தது. நோய் பாதியாகக் குறைந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் நூற்றுக்கு 26 பேர். அதனோடு ஊசியோ சொட்டோ சேர்த்துக்கொண்டவர்களில் 40 பேர். அதே ஆண்டின் இறுதியில் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், மற்றவற்றுக்கு அடங்காத மிதமான, கடுமையான நோயில் இதைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று நிபந்தனையுடன் சொன்னது. இலேசான நோய்க்கு வேண்டாம் என்றது.

நூற்றுக்கு 14 பேர். நூன் தொடங்கி நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளில் கிடைத்த எண். இதைச் சிறிது என்பதா பெரிது என்பதா? அந்த 14இல் ஒரு குழந்தையின் தகப்பனுக்கு அது முழு உலகம். எந்தப் பதினான்கு பேர் என்பதை முன்கூட்டிச் சொல்லும் வழி மட்டும் கைகூடவில்லை. 2017இல் பெரியவர்களுக்கும் 2022இல் ஆறு மாதக் குழந்தைகள்வரைக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டூபிலுமாப் என்ற மருந்தும் ஊசிதான். ஆனால் அது உடலுக்கு எதையும் கற்பிப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் செய்திகளை வழியில் மறித்து நிறுத்துகிறது. பலன் தெளிவானது, விலை நம் போன்றோர்க்கு எட்டாதது. கற்பிக்கும் ஊசிக்கும் மறிக்கும் ஊசிக்கும் உள்ள வேறுபாட்டை, இருபத்தைந்து ஆண்டு வகுப்பறையில் கழித்தபின், என்னால் சுலபமாகப் புரிந்துகொள்ள முடிகிறது.

என் மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். முழங்கை மடிப்பில் இலேசான கருமை தவிர ஒன்றுமில்லை. ஊசியால் தணிந்ததா, வயதால் தணிந்ததா, கடைசியில் பயத்தை விட்டு ஒழுங்காகப் பூசிய களிம்பாலா என்று அவனுடைய ஓர் உடலை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. ஊசி போடாத இன்னொரு அவன் இருந்தால்தான் ஒப்பிடலாம். அந்நாளைய ஊசி அட்டை இன்னும் அலமாரியில் இருக்கிறது. குப்பி எண், தேதி, அளவு என்று மூன்று பத்திகள், என் மனைவியின் கையெழுத்தில். 0.1, 0.2, 0.4 என்று ஏறிக்கொண்டே போகும் எண்கள். நடுவில் ஒரிடத்தில் கை வீங்கியதால் மறுபடியும் 0.2க்கு இறங்கியிருக்கிறது. மூன்றாவது ஆண்டின் கடைசி ஏழு கட்டங்கள் காலியாக உள்ளன. அவனுடைய ஆண்டுத் தேர்வுக்காக இரண்டு வாரம் தள்ளிப்போட்டோம். பிறகு கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். திரும்பி வந்தபோது, தயிர்ப் பாத்திரத்துக்கும் மல்லிகைச் சரத்துக்கும் நடுவே குளிர்பதனப் பெட்டியில் இருந்த குப்பியின் காலக்கெடு முடிந்திருந்தது. புதிய குப்பி வாங்க வேண்டுமா என்று நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அன்றிரவு அவன் சொறியாமல் தூங்கினான்.